சார்டினியா கிரேவல் ராலி: முதல்முறை போகும் அணிக்கு ரெக்கி முதல் பார்க் ஃபெர்மே வரை

உலக ராலி சாம்பியன்ஷிப்பின் இத்தாலிச் சுற்று மத்தியதரைக் கடலில் உள்ள சார்டினியாத் தீவில் நடக்கிறது. பெரும்பாலான ஸ்டேஜ்களை, அதாவது நேரம் கணக்கிடப்படும் பாதைப் பகுதிகளை, இரண்டு தடவை ஓட்டவேண்டும். காலையில் ஓட்டிய பாதையும் மதியத்துக்கு மேல் ஓட்டும் பாதையும் வரைபடத்தில்தான் ஒன்று. மேலே கிடக்கும் மணலும் பொடிக்கல்லும் முதல் ஓட்டத்தில் ஓரத்துக்குப் போய்விடும், அடியில் இருக்கும் கருங்கல் பாறை வெளியே தெரியும். புதிய அணிகள் இந்தத் தீவில் தோற்பது அநேகமாக அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான். ரெக்கியின்போது, அதாவது போட்டிக்கு முன் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது, கண்ட பாதையை எழுதிக்கொண்டு, அதில் இல்லாத பாதையை ஓட்டப் போகிறார்கள். கீழே உள்ள வேலைகள் எல்லாம் அந்த இரண்டாவது ஓட்டத்தை மனதில் வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ராலி2, ராலி3, ராலி4 வகை கார்களில் போகும் தனியார் அணிகளுக்கு இது பொருந்தும்.

1. காகிதமும் கப்பலும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஆனால் முதலில் முடிக்கவேண்டும். ஓட்டுநர், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர் இருவருக்கும் சர்வதேசப் போட்டி உரிமம் வேண்டும். உரிமம் தந்த தேசிய அமைப்பு வெளிநாட்டில் ஓட்டவும் அனுமதி தரவேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அந்த அமைப்பு இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு இத்தாலியில் ஓட்ட, சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டும் கையில் இருக்கவேண்டும். ரெக்கியும், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் போகும் லியேசன் பயணமும் பொதுச்சாலையில்தான் நடக்கின்றன, காவலர் கேட்டால் காட்டியாகவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து காரோ உதிரிபாகமோ வருகிறதென்றால், தற்காலிகமாகக் கொண்டுவரும் பொருளுக்கான சுங்க ஆவணமான ஏ.டி.ஏ. கார்னே எடுங்கள். எடுக்காமல் போனால் பெட்டி சுங்கத்தில் நிற்கும், ராலி முடிந்த பிறகு வந்து சேரும். தீவுக்கு ஜெனோவா, லிவோர்னோ, சிவிதாவெக்கியா துறைமுகங்களிலிருந்து கார் ஏற்றும் கப்பல்கள் போகின்றன. ஓல்பியா, போர்டோ டோரஸ் இரண்டும் இறங்கும் துறைமுகங்கள். ராலியின் தலைமையிடம் சில ஆண்டு ஓல்பியா, சில ஆண்டு அல்கேரோ என்று மாறுகிறது. இவ்விரண்டும் தீவின் எதிரெதிர்க் கரைகளில் இருப்பதால், தலைமையிடம் எது என்று உறுதி செய்த பிறகே கப்பலும் தங்குமிடமும் பதிவு செய்யுங்கள்.

2. காரைத் தயார் செய்தல்

கிரேவலுக்கு, அதாவது மண்ணும் பொடிக்கல்லும் நிறைந்த பாதைக்கு, 15 அங்குலச் சக்கரம். அதைச் சுற்றி உயரமான பக்கச்சுவர் கொண்ட டயர். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். தவறு அடிப்பகுதியில் நேர்கிறது.

என்ஜினின் அடியைக் காக்கும் தகடான சம்ப் கார்டின் போல்ட்டுகளைப் புதிதாக மாற்றுங்கள். பழைய போல்ட்டின் தலை கல்லில் உரசித் தேய்ந்திருந்தால், சர்வீஸில் (ஸ்டேஜ்களுக்கு நடுவே காரைப் பழுதுபார்க்கும் நேரம்) அதைக் கழற்றுவதற்குள் பாதி நேரம் போய்விடும். தலை உள்ளடங்கிய போல்ட், அதைச் சுற்றி உயர்ந்த விளிம்பு என்ற அமைப்பு சிறந்தது. பின்பக்க சஸ்பென்ஷன் கைகள், பிரேக் குழாய், எரிபொருள் குழாய் ஆகியவற்றுக்குத் தனியாகக் காப்பு வேண்டும். முன்சக்கரம் தூக்கி எறியும் கல் நேராக அங்கேதான் போய் அடிக்கிறது.

காரின் உயரத்தை, ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டமான ஷேக்டவுனில் நன்றாக இருக்கும் அளவில் நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் ஓட்டத்தில் சக்கரத்தடங்கள் ஆழமாகி, நடுவில் மண்ணும் கல்லும் முதுகுபோல் நிற்கும். பல கார்கள் முன்னால் போன பிறகு வரும் தனியார் அணிக்கு அந்த முதுகு இன்னும் உயரம். காரைச் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கி வைத்தால் வளைவில் சாய்வு கொஞ்சம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடி தட்டிக்கொண்டே போகும் காரில் டயர் தரையை விட்டு எழும்பும், பிரேக் பிடிக்காது.

காற்று வடிகட்டியை ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றும் அளவுக்கு இருப்பு வையுங்கள். இங்குள்ள தூசி மாவுபோல் மென்மையானது. கதவு ரப்பர், பின் பெட்டி மூடி, தரையில் உள்ள துளைகள் எல்லாவற்றையும் டேப் போட்டு அடையுங்கள். உள்ளே வந்த தூசி முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாக ஒட்டும். சூரியன் எதிரே வரும்போது அந்தப் படலம் மொத்தமும் வெள்ளையாகிக் கண்ணை மறைக்கும்.

காரில் எடுத்துச் செல்லவேண்டியவை: இரண்டு ஸ்பேர் சக்கரம், ஜாக், அதன் அடியில் வைக்க ஒரு பலகைத் தகடு, சக்கரத் திருகுகருவி, மாற்று ஸ்டீயரிங் ராடு, என்ஜின் பெல்ட், என்ஜின் ஆயில், கேபிள் டை, இரும்புக் கம்பி, டேப், எச்சரிக்கை முக்கோணம், எஸ்.ஓ.எஸ். – ஓகே பலகை, முதலுதவிப் பெட்டி. அந்தப் பலகைத் தகட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மணலில் ஜாக் வைத்தால் கார் தூக்காது, ஜாக்தான் மண்ணுக்குள் இறங்கும்.

3. ரெக்கிக்கு முந்தைய நாள்

ரெக்கி காரில் தூரம் காட்டும் டிரிப் மீட்டரைச் சரிபாருங்கள். ஏற்பாட்டாளர் தரும் வழிப் புத்தகமான ரோடு புக்கில் தூரம் குறிக்கப்பட்ட இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே ஓட்டி, மீட்டர் காட்டுவதை ஒப்பிட்டுத் திருத்துங்கள். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் பிழை சிறிதாகத் தோன்றும், பத்தாவது கிலோமீட்டரில் அது 300 மீட்டர்.

முந்தைய ஆண்டுகளின் ஆன்போர்டு வீடியோ கிடைத்தால் பாருங்கள், ஆனால் அதிலிருந்து நோட்ஸ் (கோ-டிரைவர் படித்துச் சொல்லும் பாதைக் குறிப்பு) எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஸ்டேஜ் எதிர்த்திசையில் மாற்றப்பட்டிருக்கும், அல்லது பாதையைச் சமன்செய்து மண் போட்டிருப்பார்கள். வீடியோவைப் பார்க்கவேண்டியது ஒரே காரணத்துக்காக: இரண்டாம் ஓட்டத்தில் எந்தெந்த இடத்தில் பாறை வெளிவருகிறது என்று தெரிந்துகொள்ள. அந்தப் பாறைகள் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மண்தான் மாறுகிறது.

4. ரெக்கி, முதல் சுற்று: ஓட்டுநர் சொல்ல, கோ-டிரைவர் எழுத

ஒவ்வொரு ஸ்டேஜையும் இரண்டு தடவை மட்டுமே பார்க்கலாம். வேக வரம்பு உண்டு, ஜி.பி.எஸ். கருவி காரில் இருக்கும், மீறினால் அபராதம். எனவே முதல் சுற்றில் நிதானமாகப் போய் முழு நோட்ஸையும் எழுதி முடித்துவிடவேண்டும்.

எண்முறை எதுவாக இருந்தாலும் சரி. 1 குறுகலான வளைவு, 6 வேகமான வளைவு என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். எண்ணை வளைவின் வடிவத்துக்கு மட்டும் கொடுங்கள். பலர் இங்கே தடுமாறுகிறார்கள்: பாதை வழுக்குகிறது, அதனால் 4-ஐ 3 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் ஓட்டத்தில் மணல் போய்ப் பிடிமானம் வந்த பிறகும் அந்த 3 நோட்டில் நிற்கும், தேவையில்லாமல் நேரம் போகும். வடிவம் எண்ணில் இருக்கட்டும், பிடிமானம் தனிச்சொல்லாக இருக்கட்டும். ‘ரைட் 4, லூஸ்’ என்று எழுதினால், அடுத்த ஓட்டத்தில் ‘லூஸ்’ என்பதை மட்டும் அடித்துவிடலாம்.

இந்தத் தீவுக்கே உரிய நான்கு விஷயங்களை நோட்ஸில் விடாமல் குறிக்கவேண்டும்.

முதலாவது, உள்வளைவின் ஓரம். சார்டினியாவின் பாதைகள் ஒடுங்கியவை. ஓரத்தில் புதர் அடர்ந்திருக்கும், புதருக்குள் கல் இருக்கும். மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி அடுக்கிய பழைய கற்சுவர்கள் பாதையை ஒட்டியே வரும். உள்ளோரத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காத வளைவு ஒவ்வொன்றுக்கும் ‘டோன்ட் கட்’ (உள்ளோரத்தை வெட்டிப் போகாதே) என்று எழுதுங்கள். இரண்டாவது சுற்றில் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் நீக்கலாம். இதை மாற்றிச் செய்து, முதலில் விட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

இரண்டாவது, மண்ணுக்குள் பாதி புதைந்த பாறை. ரெக்கியில் கைப்பிடியளவு தலைநீட்டி நிற்கும் கல், மண் போனபிறகு ரிம்மை உடைக்கும் அளவுக்கு வந்து நிற்கும். அதை இப்போதே ‘ராக் இன்சைட்’, ‘ராக் மிடில்’ என்று இடத்தோடு எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் போட்டதெல்லாம் இரண்டாம் ஓட்டத்துக்கான எச்சரிக்கை. முதல் ஓட்டத்தில் அதைப் படிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மேடு. மேட்டுக்குப் பின்னால் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மேட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். தாவல் என்றால், அடுத்த வளைவுக்கான தூரத்தைத் தாவும் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், கார் தரையிறங்கும் இடத்திலிருந்து அளந்து எழுதுங்கள். காற்றில் இருக்கும் தூரத்தில் பிரேக் கிடையாது. மோன்டே லெர்னோ ஸ்டேஜில் உள்ள புகழ்பெற்ற மிக்கிஸ் ஜம்ப்புக்கும் இதே விதிதான். விளிம்பில் கார் நேராக இருக்கவேண்டும், பிரேக்கை அதற்கு முன்பே விட்டிருக்கவேண்டும். பிரேக்கை மிதித்தபடியே தாவினால் மூக்கு கீழே குத்தும், ரேடியேட்டர் உடையும்.

நான்காவது, நீர்க்கடப்பு. ரெக்கியன்று முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் ஆழத்தையும் அடித்தளத்தையும் குறியுங்கள். கோடையில் மழையே வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், 2023-ல் ராலி நாட்களில் பெய்த மழை எல்லாக் கணக்கையும் கலைத்தது.

5. ரெக்கி, இரண்டாம் சுற்று: கோ-டிரைவர் படிக்க, ஓட்டுநர் திருத்த

இப்போது கோ-டிரைவர் போட்டியில் படிக்கும் தாளத்திலேயே படிக்கவேண்டும். காரின் வேகம் குறைவு என்பதால் சொல் முன்கூட்டியே வந்துவிடும், அது பரவாயில்லை. பார்க்கவேண்டியது: ஒரு வரியை மூச்சுவிடாமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் சொற்கள் அதிகம். வேகமாக இணைந்துவரும் மூன்று வளைவுகளுக்கு நடுவே ஐந்து எச்சரிக்கைகள் இருந்தால் எதுவுமே ஓட்டுநர் காதில் ஏறாது. உயிருக்கோ காருக்கோ ஆபத்தானதை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள்.

பென்சிலால்தான் எழுதவேண்டும். வியர்வைக் கை பட்டால் மை கரையும்.

அன்று இரவே, அந்த நாள் எழுதிய எல்லாவற்றையும் ரெக்கி வீடியோவோடு வைத்து இருவரும் சேர்ந்து ஒருமுறை படிக்கவேண்டும். சுத்தப்பிரதி எழுதும்போது பக்கம் மாறும் இடத்தைக் கவனியுங்கள். நேர்ச்சாலையில் பக்கம் முடியவேண்டும். இணைந்த வளைவுகளுக்கு நடுவே பக்கம் திருப்ப நேர்ந்தால், குலுங்கும் காரில் இரண்டு தாள் சேர்ந்து புரளும். இடம் தொலைவதற்கு அதுதான் முதல் காரணம்.

6. ஷேக்டவுனில் எதைப் பார்ப்பது

வேகத்தைப் பார்க்கவேண்டாம். ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் ஓடுவதால், ராலியின் இரண்டாம் ஓட்டத்தில் பாதை எப்படிக் கெடும் என்பதைக் காட்டும் ஒரே இடம் ஷேக்டவுன். அதனால் கூட்டத்துக்கு முன்பே ஓடிவிட்டு வண்டியை மூடிவைக்கும் பழக்கம் இங்கே வீண். கடைசி ஓட்டத்தைத் தாமதமாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தடம் ஆழமான பிறகு கார் அடி தட்டுகிறதா, அதிர்வைத் தாங்கும் டேம்பர் சூடேறி இளகுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

7. டயர் தேர்வும் காற்றழுத்தமும்

மென்மையானது, கடினமானது என்று இரண்டு வகை ரப்பர் கிடைக்கும். காலையில் தரை குளிர்ந்து மணல் அதிகமாக இருக்கும்போது மென்மையான டயர் கடித்துப் பிடிக்கும். மதியம் வெளிவந்த பாறை அதே டயரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆகவே இரண்டாம் ஓட்டத்துக்குக் கடினமான டயர் என்பது அடிப்படை. நீளமான ஸ்டேஜ் முதலில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பதைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ளலாம்.

காற்றழுத்தம் 26 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை என்பது கிரேவலில் வழக்கமான எல்லை. டயர் நிறுவனப் பொறியாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். அழுத்தம் குறைந்தால் பிடிமானம் கூடுவதுபோல் தெரியும், ஆனால் கல்லில் மோதும்போது ரிம் டயரை நசுக்கிப் பக்கச்சுவரில் இரண்டு வெட்டு விழும்.

ஒரு ஸ்பேர் சக்கரம் போதுமா, இரண்டு வேண்டுமா? ஒரு சக்கரம் ஏறத்தாழ 20 கிலோ. முதல் தடவை போகிற அணிக்கு எங்கள் தீர்ப்பு உறுதியானது: எல்லாச் சுற்றிலும் இரண்டு. அந்த 20 கிலோவால் இழக்கும் விநாடிகளை, இரண்டாவது பஞ்சரில் ஸ்டேஜ் நடுவே நின்றுபோவதோடு ஒப்பிடவே முடியாது.

8. டைம் கன்ட்ரோல்: ஓட்டாமலே நேரம் போகும் இடம்

டைம் கன்ட்ரோல் என்பது உங்களுக்குக் குறித்த நிமிடத்தில் போய்ப் பதிவு செய்யவேண்டிய இடம். தாமதமாகச் சென்றால் நிமிடத்துக்கு 10 விநாடி அபராதம். முன்கூட்டியே சென்றால் நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். எனவே சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் எல்லையைக் காட்டும் மஞ்சள் பலகைக்கு வெளியே காத்திருங்கள். காலஅட்டையை உங்கள் நிமிடத்துக்குள் அதிகாரி கையில் கொடுக்கவேண்டும். கோ-டிரைவர் நடந்துபோய் அதிகாரபூர்வக் கடிகாரத்தைப் பார்க்கட்டும், கைக்கடிகாரத்தை நம்பவேண்டாம்.

கன்ட்ரோலுக்கும் ஸ்டேஜ் தொடக்கத்துக்கும் நடுவே பொதுவாக 3 நிமிடம் இருக்கும். அதற்குள் வரிசை இது: ஹெல்மெட், கழுத்துக்காப்பு, பெல்ட்டை இறுக்குதல், கதவுக் கண்ணாடி மேலேற்றல், நோட்ஸில் சரியான பக்கம். பெல்ட்டை முதலில் இறுக்கிவிட்டுக் கழுத்துக்காப்பைச் சரிசெய்ய முயல்கிறவர்கள் உண்டு. பெல்ட் அந்தக் காப்பின் மேலேதான் உட்காரவேண்டும், எனவே எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தொடங்கவேண்டியிருக்கும்.

முந்திக் கிளம்பினால் முதல் தடவை 10 விநாடி, இரண்டாம் தடவை 1 நிமிடம். ஸ்டேஜ் முடிவில் கட்டம்போட்ட கொடியுள்ள சிவப்புப் பலகையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் சிவப்பு ஸ்டாப் பலகைவரை நிற்கக்கூடாது.

9. முதல் ஓட்டம்

தூசிதான் எதிரி. காற்று வீசாத காலையில், மரங்களுக்கு நடுவே செல்லும் பகுதிகளில் முன்னே போனவர் கிளப்பிய தூசி அடங்காமல் அப்படியே நிற்கும். பார்வை மறைந்தால் கண்ணைக் கொண்டு பாதையைத் தேடாதீர்கள். கோ-டிரைவர் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கியர் குறைத்துப் போங்கள். கோ-டிரைவரும் அங்கே சொல்லும் வேகத்தைக் குறைத்து, தூரத்தை அழுத்திச் சொல்லவேண்டும்.

நீர்க்கடப்புக்கு முன்னால் வைப்பரை ஓடவிட்டுவிடுங்கள். தண்ணீர் கண்ணாடியில் அடித்த பிறகு விசையைத் தேடினால் அந்த ஒன்றிரண்டு விநாடி குருட்டு ஓட்டம். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் காற்றுக் குழாய்க்குள் ஏறி என்ஜின் நின்றுவிடும். நிதானமாக இறங்கி, தண்ணீருக்குள் த்ராட்டிலைச் சீராக வைத்து வெளியேறுங்கள்.

ஸ்டேஜ் முடிந்து லியேசனில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியதும், குளிர்பானத்துக்குக் கை போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ஓட்டுநர் நினைவில் இருக்கும் மாற்றங்களைச் சொல்ல, கோ-டிரைவர் நோட்ஸில் வேறு நிறப் பென்சிலால் குறிக்கவேண்டும். எங்கே தடம் ஆழம், எங்கே கல் வெளியே வந்தது, எங்கே ‘லூஸ்’ போய்விட்டது. பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். பிறகு காரைச் சுற்றி வாருங்கள்: சக்கர நட்டு, டயர் வெட்டு, கசிவு, ரிம்முக்கும் பிரேக் காலிப்பருக்கும் நடுவே சிக்கிய கல். அந்தக் கல்லை எடுக்காவிட்டால் அடுத்த ஸ்டேஜில் ரிம்மை உள்ளிருந்தே அறுத்துவிடும்.

தண்ணீர் குடிப்பதும் இந்த வரிசையில் ஒரு வேலைதான். கடும் வெயிலில் காரினுள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டக்கூடும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஒவ்வொரு லியேசனிலும் குடியுங்கள். கோ-டிரைவர் வரி தவறிப் படிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் அது நீரிழப்பின் முதல் அறிகுறி.

10. இரண்டாம் ஓட்டம்

சர்வீஸில் டயர், வடிகட்டி, சம்ப் கார்டு முடிந்ததும், நட்சத்திரம் போட்ட வரிகளையும் நிறப்பென்சில் குறிப்புகளையும் இருவரும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இப்போது அவைதான் உண்மையான நோட்ஸ்.

தடத்துக்குள் சக்கரத்தை வைத்து ஓட்டுங்கள். ஆழமான தடத்திலிருந்து வளைவு நடுவில் வெளியேற முயன்றால், டயரின் பக்கச்சுவர் தடத்தின் விளிம்பில் உரசிக் கிழியும், சில சமயம் கார் கவிழவும் செய்யும். தடம் தவறான கோட்டில் போகிறது என்றால் வளைவுக்கு முன்னாலேயே வேறு கோட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உள்ளோர வெட்டு கிட்டத்தட்ட எங்குமே வேண்டாம். முன்னே போன கார்கள் அங்கிருந்து இழுத்துப் போட்ட கற்கள் பாதையின் நடுவில் கிடக்கும், புதைந்திருந்தவை கூர்முனையோடு நிற்கும்.

11. பஞ்சர் ஆனால்

முடிவுக்கு 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் மெதுவாக ஓட்டியே போய்விடுங்கள். அதற்கு மேல் என்றால் மாற்றுங்கள். கிழிந்த டயர் நீண்ட தூரம் சுழன்றால் பிரேக் குழாயையும் சக்கர வளைவையும் அடித்து உடைக்கும்.

வளைவை ஒட்டி நிறுத்தவேண்டாம். பின்னால் வருபவருக்குத் தெரியும் நேர்ச்சாலையில், தரை கெட்டியான இடத்தில் நிறுத்துங்கள். முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் 50 மீட்டர் தள்ளி, வருகிறவர் பார்வையில் படும்படி வையுங்கள். அடுத்து வரும் கார்களுக்கு ஓகே பலகையைக் காட்டவேண்டும். நட்டுகளைத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கை ஏற்றுவது. பழகிய அணிக்கு மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். பழகாத அணிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகலாம். வீட்டு வாசலில் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு இருபது தடவை செய்து பாருங்கள், யார் எதை எடுப்பது என்பது பேசாமலே நடக்கவேண்டும். பழைய சக்கரத்தைக் காரில் கட்டாமல் வீசிவிட்டுக் கிளம்பக்கூடாது.

12. கடைசி ஸ்டேஜ்

2018-ல் இங்கே முதல் இரண்டு இடங்களுக்கு நடுவே 0.7 விநாடி. 2019-ல் முன்னிலையில் இருந்த ஒட் டேனாக் கடைசி ஸ்டேஜில் பவர் ஸ்டீயரிங் செயலிழந்து வெற்றியை இழந்தார். 2024-ல் கடைசி ஸ்டேஜில் செபாஸ்டியன் ஓஜியருக்குப் பஞ்சர் ஆக, டேனாக் 0.2 விநாடியில் வென்றார். முன்னணி அணிகளுக்கே இப்படி என்றால், கடைசி ஸ்டேஜுக்கு முன் காரைச் சோதிக்கும் வேலையை யாரும் தவிர்க்கக்கூடாது. ஸ்டீயரிங் ஆயில் அளவு, என்ஜின் பெல்ட், சக்கர நட்டு மூன்றையும் பாருங்கள். கடைசி நாளுக்கென்று ஒரு ஜோடி நல்ல கடின டயரை முதல் நாளிலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

ஸ்டேஜ் முடிந்ததும் ராலி முடியவில்லை. கடைசி கன்ட்ரோல் வரையிலான லியேசனுக்கும் நேரம் ஓடுகிறது, பொதுச்சாலையின் வேகவரம்பும் உண்டு. காலஅட்டையில் ஒவ்வொரு முத்திரையும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று கோ-டிரைவர் அங்கேயே பார்த்துவிடவேண்டும். பிழை இருந்தால் அதை எழுதிய அதிகாரியே திருத்தவேண்டும், அணி கை வைக்கக்கூடாது. யாரும் காரைத் தொடமுடியாத அடைப்பான பார்க் ஃபெர்மேக்குள் கார் நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டு இருவரும் வெளியேறுங்கள். தண்ணீர் பாட்டிலோ நோட்ஸ் புத்தகமோ மறந்துபோனாலும் திரும்பப் போய்க் காரைத் தொட அனுமதி கிடையாது, அதனால் இறங்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.